கறுப்பு மணலில் பிறந்த வெள்ளைப் பாய்

1909. மணவாளக்குறிச்சியிலிருந்து கப்பலேறிய தேங்காய் நாரில் கடற்கரை மணலும் ஒட்டிக்கொண்டு போனது. ஜெர்மன் வேதியியலாளர் ஷோம்பெர்க் அந்த மணலை ஆராய்ந்தார். கேஸ் விளக்கு மேன்டிலுக்கு வேண்டிய தோரியம் அடங்கிய மோனசைட் அதில் இருந்தது. குமரிக்கரையில் மணல் பிரிக்கும் வேலை சூடுபிடித்தது. மோனசைட் போக எஞ்சிய கறுப்பு மணலைத்தான் சீந்துவாரில்லை.

அதுதான் இல்மனைட். 1920களில் அதற்கு யோகம் அடித்தது. அதிலிருந்து எடுத்த டைட்டானியம் டை ஆக்சைடு, ஈயத்தின் விஷமில்லாத வெள்ளை பெயின்ட் ஆனது. ஆனால் வெயில் பட்ட சுவர்களில் அந்த பெயின்ட் பொடிப்பொடியாக உதிர்ந்தது. தன்னைப் பிடித்து வைத்திருந்த எண்ணெய்ப் பசையையே வெள்ளைத்தூள் தின்றுகொண்டிருந்தது! துகள்களுக்கு அலுமினா, சிலிக்கா பூசி அந்தக் குணத்தை அடக்கிவைத்தார்கள். அது அடங்கியே கிடந்திருக்கும், டோக்கியோவில் ஒரு மாணவர் குறுக்கிடாமல் இருந்திருந்தால்.

1967இல் அகிரா புஜிஷிமா என்ற அந்த மாணவர், தண்ணீரில் மூழ்கியிருந்த டைட்டானியம் டை ஆக்சைடு படிகத்தின்மேல் ஒளியைப் பாய்ச்சினார். குமிழிகள் கிளம்பின. படிகத்தில் ஆக்சிஜன், எதிரே பிளாட்டினம் மின்முனையில் ஹைட்ரஜன். ஒளி தண்ணீரைப் பிளந்திருந்தது. முதலில் துறை வல்லுநர்கள் நம்பவில்லை. அவரும் பேராசிரியர் கெனிச்சி ஹோண்டாவும் 1972இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். மறுவருடமே உலகெங்கும் எண்ணெய் நெருக்கடி. தண்ணீரிலிருந்தே எரிபொருள் என்று ஊரெல்லாம் பேச்சு. கிடைத்த ஹைட்ரஜனோ சொற்பம். ஆசை வடிந்தபோது, வேறொரு கதவு திறந்தது.

1977இல் அமெரிக்காவில் ஃபிராங்க், பார்ட் இருவரும் நீரிலிருந்த சயனைடை இதே தூளாலும் ஒளியாலும் சிதைத்தார்கள். புற ஊதா ஒளி பட்டதும் தூளின் மேற்பரப்பில் உருவாகும் ஹைட்ராக்சில் ராடிக்கல், எண்ணெயின் கார்பன் சங்கிலியையும் வெட்டும். முழுதாகச் சிதைந்தால் மிஞ்சுவது கார்பன் டை ஆக்சைடும் நீரும்தான். ஆனால் நீரைச் சுத்தம் செய்த நுண்தூளை நீரிலிருந்து எடுப்பது யார்?

விடை 1934ஆம் வருடக் காப்புரிமை ஒன்றில் உறங்கிக்கொண்டிருந்தது. அதை வாங்கிய ஆன்டன் ஃபார்மால்ஸ் மின்சாரத்தால் இழை நூற்றவர். 1990களில் ஆக்ரன் பல்கலைக்கழகத்தின் டாரல் ரெனெகர் அந்த வித்தைக்குப் புத்துயிர் கொடுத்தார். ஊசி முனையில் ஒரு சொட்டு பாலிமர் கரைசல். பல ஆயிரம் வோல்ட் ஏறியதும் சொட்டு கூம்பாகக் கூர்ந்து, நுனியிலிருந்து கண்ணுக்குப் புலப்படாத இழை சுழன்றடித்துப் பாயும். 2003இல் டான் லியும் யூனான் சியாவும் கரைசலில் டைட்டானியம் சேர்மத்தைக் கலந்து நூற்று, சூளையில் சுட்டார்கள். பாலிமர் எரிந்துபோனது. மிஞ்சியது டைட்டானியம் டை ஆக்சைடு நானோ இழைகளாலான வெள்ளைப் பாய். வேலை முடிந்ததும் அப்படியே தூக்கிவிடலாம். எண்ணெய்த் தண்ணீருக்கு அது பலிக்குமா?

கனடாவின் ஆல்பர்ட்டா எண்ணெய் மணல் சுரங்கக் கழிவுநீரில் நாஃப்தீனிக் அமிலங்கள் பல்லாண்டு சிதையாமல் கிடப்பவை. வெயிலும் டைட்டானியம் டை ஆக்சைடும் சேர்ந்தால் அவையும் சிதையும் என்று வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் காட்டினார்கள். அவர்கள் கையில் இருந்தது தூள். அதே வேதியியலைத் தூக்கியெடுக்கும் பாயில் ஏற்றினால் அது ஓசூரின் தொழிற்சாலைகளுக்கும் உதவக்கூடும்.

அங்கே எண்ணெய்க் கிணறு இல்லை. ஆனால் உலோகம் வெட்டும் சிஎன்சி மெஷின்களிலிருந்து வடியும் கூலன்ட் பால்போல் வெளுத்த எண்ணெய்த் தண்ணீரே. கர்நாடகத்திலிருந்து நுரை பொங்க வரும் தென்பெண்ணையால் அருகிலுள்ள கெலவரப்பள்ளி அணை ஏற்கெனவே தவிக்கிறது; இன்னொரு வாளி எண்ணெய்த் தண்ணீரைக்கூட அந்த ஆறு தாங்காது. ஆனால் கூலன்ட்டை நேராகப் பாயில் விட்டால் பயனில்லை. கலங்கிய நீரில் ஒளி இறங்காது, வெயிலில் புற ஊதாவும் 5 சதவீத அளவுதான். மிதக்கும் எண்ணெயை வழித்து, கலவையை உடைத்துத் தெளியவிட்ட பிறகும் கரைந்து நிற்கும் மிச்ச எண்ணெய்தான், நீரை இறுதியாக வடிகட்டும் ஆர்.ஓ. சவ்வை அடைக்கிறது. பாய்க்கு வேலை அங்கே, சவ்வுக்கு ஒரு தொட்டி முன்னால்.