எடை குறைந்தால் உதை கூடும்

நெம்மேலியிலிருந்து மாமல்லபுரம் வழியாகக் கல்பாக்கம் வரை நீளும் கடற்கரையில் நீங்கள் நடந்திருந்தால், வெண்மணலுக்கு நடுவே கருநிறக் கோடுகள் படிந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். அலைகள் இலேசான மணலை அடித்துக்கொண்டு போக, கனமான மணிகள் கரையிலேயே தங்கிவிடுகின்றன. அக்கருமணலில் உள்ள கனிமங்களுள் ஒன்று இல்மனைட். இரும்பும் டைட்டேனியமும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள் அது. இதே கனிமம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கேரளத்துச் சவராவிலும் பெருமளவில் கிடைக்கிறது.

இதைப் போன்ற ஒரு கருமணலைத்தான் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வில்லியம் கிரிகோர் என்ற பாதிரியார் 1791இல் ஆராய்ந்தார். அதில் அதுவரை அறியப்படாத ஓர் உலோகம் இருப்பதைக் கண்டார். ஜெர்மானிய வேதியியலறிஞர் கிளாப்ராத் 1795இல் அதற்கு டைட்டேனியம் என்று பெயரிட்டார். விமானத்துக்கும் விண்கலத்துக்கும் பயன்பட்ட இந்த உலோகம் கடைசியில் கைப்பையில் வைக்கும் துப்பாக்கிக்கும் வந்து சேர்ந்தது. அது எப்படி வந்தது, வந்ததால் பயன் என்ன, அதற்குக் கொடுத்த விலை என்ன என்பவற்றை இங்கே காண்போம்.

சுழல் துப்பாக்கி என்பது எது?

கைத்துப்பாக்கிகள் பெரும்பாலும் இரு வகைப்படும். ஒன்றில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். 1911ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கையிலிருந்த பிரௌனிங் துப்பாக்கி இவ்வகையைச் சேர்ந்தது. தட்டையாக இருப்பதால் இதை உடைக்குள் மறைப்பது எளிது. மற்றொன்று சுழல் துப்பாக்கி. இதில் தோட்டாக்கள் ஓர் உருளையில் வட்டமாகப் பொருத்தப்பட்டிருக்கும். விசையை இழுக்கும்போது உருளை சுழன்று, அடுத்த தோட்டாவைக் குழலுக்கு நேராகக் கொண்டுவரும். அமைப்பு எளிது. ஒரு தோட்டா வெடிக்கத் தவறினாலும் விசையை மறுபடி இழுத்தால் அடுத்த தோட்டா வந்துவிடும். ஆனால் உருளை பருமனானது, கனமானது. ஆகவே சுழல் துப்பாக்கியைச் சட்டைப்பைக்குள் அடக்குவது எப்படி என்பது தொடக்கத்திலிருந்தே ஒரு சிக்கலாக இருந்து வந்துள்ளது.

குதிரை சுமந்த துப்பாக்கி

அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் 1836இல் தம் நாட்டில் சுழல் துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். அவர் 1847இல் குதிரைப்படைக்குச் செய்து கொடுத்த வாக்கர் என்னும் துப்பாக்கியின் எடை எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 2 கிலோகிராம்! அதை வீரர்கள் இடுப்பில் அணியவில்லை. சேணத்தில் தொங்கவிட்டார்கள். சுமந்தது குதிரை.

மனிதன் தானே சுமக்க வேண்டுமென்றபோது நிலைமை மாறியது. இங்கிலாந்தின் வெப்லி நிறுவனம் 1870களில் குழலை மிகவும் குறுக்கி, கோட்டுப் பையில் அடங்கும் 'புல்டாக்' துப்பாக்கிகளைச் செய்தது. தோட்டா பெரியது, துப்பாக்கி சிறியது. ஆங்கிலப் படை 1887இல் ஏற்ற 0.455 அங்குல வெப்லி துப்பாக்கியோ ஒரு கிலோகிராமுக்கு மேல் கனத்தது. முதல் உலகப்போரில் அதைக் கையாண்ட அனுபவத்துக்குப் பின், குறுகிய காலப் பயிற்சி பெற்றவருக்கு அதன் உதை தாங்கமுடியாதது எனப் படை முடிவு செய்தது. தோட்டாவைச் சிறியதாக்கி, 0.38 அங்குல என்ஃபீல்டு துப்பாக்கியை 1930களில் ஏற்றது. அதன் எடை முக்கால் கிலோகிராம் அளவே.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஆங்கிலேயர் எடையைக் குறைத்தபோது தோட்டாவையும் சேர்த்துச் சிறியதாக்கினார்கள். காரணம் நியூட்டனின் மூன்றாம் விதி.

கட்டுமரமும் துப்பாக்கியும்

கரைக்கு அருகே மிதக்கும் கட்டுமரத்திலிருந்து ஒருவர் கரையை நோக்கித் தாவினால், கட்டுமரம் பின்னோக்கி நகர்கிறது. அதே ஆள் பெரிய விசைப்படகிலிருந்து தாவினால் படகு அசைந்ததாகவே தெரிவதில்லை. இரண்டு முறையும் தாவியவரின் உந்தம், அதாவது நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கி வரும் அளவு, ஒன்றுதான். கலம் இலேசானால் அது பின்வாங்கும் வேகம் கூடுகிறது.

துப்பாக்கியிலும் இதுவே நிகழ்கிறது. தோட்டாவின் குண்டு முன்னோக்கிப் பெறும் உந்தத்தை, துப்பாக்கி பின்னோக்கிப் பெறுகிறது. துப்பாக்கியின் எடையைப் பாதியாக்கினால் பின்னோக்கிய வேகம் இரு மடங்காகும். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அந்தப் பாதி நிறையில் கைக்கு வந்து சேரும் ஆற்றலும் இரு மடங்காகும். உலோகத்தை மாற்றி எடையைக் குறைக்கலாம். இந்தக் கணக்கை மாற்ற இயலாது.

இலேசான உலோகங்கள்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் அலுமினியக் கலவைகள் மலிவாயின. எஃகின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ 7.8 மடங்கு. அலுமினியத்தின் அடர்த்தி 2.7 மடங்கே. கோல்ட் நிறுவனம் 1950இல் அலுமினியச் சட்டம் கொண்ட 'கோப்ரா' துப்பாக்கியை வெளியிட்டது. அமெரிக்க விமானப்படை இன்னும் ஒரு படி மேலே சென்றது. விமானிகளுக்காகச் சட்டத்துடன் உருளையையும் அலுமினியத்தில் செய்யச் சொன்னது. உருளையே வெடிப்பின் அழுத்தத்தை நேராகத் தாங்கும் பகுதி. அலுமினியம் அதற்குப் போதவில்லை. அத்துப்பாக்கிகள் சில ஆண்டுகளிலேயே திரும்பப் பெறப்பட்டு, பெரும்பாலானவை அழிக்கப்பட்டன.

இந்தக் குறையைத் தீர்த்தது டைட்டேனியம். அதன் அடர்த்தி 4.5 மடங்கு. அலுமினியத்தைவிடக் கனமானாலும், அதன் கலவைகள் நல்ல எஃகுக்கு ஈடான வலிமை உடையவை. கடல் உப்பும் வியர்வையும் அதை அரிப்பதில்லை. ஆனால் கருமணலிலிருந்து அதைப் பிரிப்பது எளிதன்று. முதலில் குளோரினுடன் சேர்த்து டைட்டேனியம் டெட்ராகுளோரைடு என்னும் நீர்மமாக்க வேண்டும். பிறகு மக்னீசியத்தைக் கொண்டு உலோகத்தை விடுவிக்க வேண்டும். கிடைப்பது பஞ்சு போன்ற நுண்துளைகள் நிறைந்த கட்டி. இது குரோல் என்பவர் வகுத்த முறை. இந்தியாவில் இவ்வாறு டைட்டேனியப் பஞ்சு செய்யும் ஆலை சவராவில் 2011இல் தொடங்கப்பட்டது.

1990களின் இறுதியில் அமெரிக்கத் துப்பாக்கிகளின் உருளை டைட்டேனியத்துக்கு மாறியது. அடுத்துச் சட்டத்துக்கு ஸ்காண்டியம் வந்தது. மெண்டலீவ் தம் தனிம அட்டவணையில் இடம் ஒதுக்கி முன்னறிவித்த தனிமம் அது. 1879இல் நில்சன் அதைக் கண்டுபிடித்தார். அலுமினியத்தில் ஸ்காண்டியத்தை மிகச் சிறிதளவு சேர்த்தாலே கலவை பெரிதும் வலுப்படுகிறது.

பெரிய துப்பாக்கியை இலேசாக்கிய கதை

இந்த இரு உலோகங்களும் கைக்கு வந்ததும், பெரிய சட்டமும் பெரிய தோட்டாவும் கொண்ட துப்பாக்கியையே இலேசாக்கி மறைத்து எடுத்துச் சென்றால் என்ன என்ற ஆசை பிறந்தது. 0.44 அங்குல மேக்னம் தோட்டாவுக்காக ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1950களில் செய்த எஃகுத் துப்பாக்கி 1,300 கிராம் அளவு கனத்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே தோட்டாவுக்கு அதே நிறுவனம் செய்த இலேசான துப்பாக்கியின் எடை 710 கிராம் அளவே.

நாமே கணக்கிட்டுப் பார்ப்போம். குண்டின் நிறை 15.5 கிராம், வேகம் வினாடிக்கு 370 மீட்டர் என்று கொள்வோம். எஃகுத் துப்பாக்கி வினாடிக்கு 4.4 மீட்டர் வேகத்தில் பின்னோக்கி வரும். இலேசான துப்பாக்கியோ 8.1 மீட்டர் வேகத்தில் வரும். ஆற்றல் 12.6 ஜூலிலிருந்து 23 ஜூலுக்கு ஏறிவிடுகிறது. உடன் வெளியேறும் வாயுவின் பங்கையும் சேர்த்தால் இது இன்னும் கூடும். பத்துத் தோட்டா சுடுவதற்குள் கை வலிக்கிறது. வலிக்கும் துப்பாக்கியைக் கொண்டு யாரும் பழகமாட்டார்கள்.

வேறொரு விந்தையும் உண்டு. ஒரு டம்ளரின் மேல் அட்டையும், அட்டைமேல் ஒரு நாணயமும் வைத்து, அட்டையைச் சுண்டினால் நாணயம் நகராமல் டம்ளருக்குள் விழும். இது நிலைமம். சுடும்போது துப்பாக்கி வேகமாகப் பின்வாங்க, இன்னும் வெடிக்காத தோட்டாக்களின் கூடுகளும் அதனுடன் இழுபடுகின்றன. கூட்டின் வாயில் செருகியுள்ள குண்டோ இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. பிடிப்புத் தளர்வாக இருந்தால் குண்டு முன்னே நழுவி, உருளைக்கு வெளியே நீட்டிக்கொண்டு, சுழற்சியையே தடுத்துவிடும். தவறாமல் சுழலும் என்று நம்பி வாங்கிய துப்பாக்கி, இலேசானதாலேயே நின்றுபோகிறது.

கான்பூரில் செய்த 'நிர்பீக்'

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 2012 டிசம்பரில் தில்லியில் ஓர் இளம்பெண்ணுக்கு நேர்ந்த கொடுமை நாட்டையே உலுக்கியது. மக்கள் அவருக்கு நிர்பயா என்று பெயரிட்டனர். 2014 ஜனவரியில் கான்பூர் பீரங்கித் தொழிற்சாலை, பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்னும் சுழல் துப்பாக்கியை வெளியிட்டது. அஞ்சாதது என்பது பெயரின் பொருள். டைட்டேனியக் கலவையால் ஆனது, எடை 500 கிராம், விலை அன்று ஏறத்தாழ 1,22,000 ரூபாய். அரசின் முந்திய 0.32 அங்குலத் துப்பாக்கி 700 கிராம் அளவு கனத்தது.

இதற்கும் அதே கணக்கைப் போடலாம். குண்டு 6.4 கிராம், வேகம் வினாடிக்கு 215 மீட்டர் என்றால், பழைய துப்பாக்கியின் உதை 1.35 ஜூல், நிர்பீக்கின் உதை 1.9 ஜூல். நூற்றுக்கு நாற்பது கூடியிருக்கிறது. ஆயினும் மேக்னத்தோடு ஒப்பிட்டால் பன்னிரண்டில் ஒரு பங்குதான். ஆகவே கை தாங்குகிறது.

இந்தச் சிறிய தோட்டா எங்கிருந்து வந்தது? இந்தியர் உரிமம் இன்றி ஆயுதம் வைத்திருப்பதை 1878ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. ஐரோப்பியருக்கு விதிகள் விலக்கு அளித்தன. படையின் தோட்டாக்களை ஏற்கும் துப்பாக்கிகள் பொதுமக்களிடம் இருக்கலாகாது என்பது ஆட்சியாளர் கொள்கை. கிடங்கிலிருந்து தோட்டா களவு போனால் அது எங்கும் பயன்படக் கூடாது அல்லவா? விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இன வேறுபாட்டுக்கு இடமளிக்கவில்லை. எனினும் அதன்கீழ் வந்த விதிகளும் 0.38, 0.455 போன்ற படைத் தோட்டாக்களை ஏற்கும் கைத்துப்பாக்கிகளைத் தடை செய்யப்பட்ட வகையில் வைத்தன. அதனால் அரசுத் தொழிற்சாலை பொதுமக்களுக்கென 0.32 அங்குலத் தோட்டாவை எடுத்துக்கொண்டது. களவுக்கு அஞ்சி வகுத்த விதி, பின்னாளில் இலேசான துப்பாக்கியின் உதையை அடக்கி வைத்தது. விதியை வகுத்தவர் எவரும் இதை எண்ணியிருக்கமாட்டார்.

எதைத் தேர்ந்தெடுக்கிறோம்?

நிர்பீக் வந்தபோது, துப்பாக்கி ஒன்று பெண்ணின் பாதுகாப்புக்கு விடையாகுமா என்ற கேள்வியும் எழுந்தது. விலை ஒரு தடை. மாவட்ட ஆட்சியரிடமோ மாநகரக் காவல் ஆணையரிடமோ பெறும் உரிமம் மற்றொன்று. அவற்றைக் கடந்தாலும் அறிவியல் ஒரு கேள்வி கேட்கிறது. சுழல் துப்பாக்கியின் விசையைக் கொக்கி ஏற்றாமல் இழுக்க ஏறத்தாழ 5 கிலோகிராம் எடையைத் தூக்கும் அளவு விசை வேண்டும். 500 கிராம் பொருளைக் கையில் பிடித்துக்கொண்டு, அதன் எடையைப்போல் பத்து மடங்கு விசையை ஒரு விரலால் கொடுத்தால் குறி நகராமல் இருக்குமா? கனமான துப்பாக்கி தன் நிலைமத்தால் ஓரளவு அசையாது நிற்கும். இலேசானது நிற்காது. அந்தக் குறையைப் பயிற்சி ஒன்றுதான் ஈடுசெய்யும். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் உரிமத்துக்குப் பாதுகாப்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கியதன் நியாயத்தை இதிலிருந்தே உணரலாம்.

துப்பாக்கியை நாள் முழுதும் சுமக்க வேண்டியிருக்கலாம், சுடுவதோ ஒரு நொடி. நாள் முழுதும் உள்ள வசதிக்காக எடையைக் குறைப்பவர், அந்த ஒரு நொடியைத் தமக்கே கடினமாக்கிக்கொள்கிறார். பெண்ணுக்கு இலேசானதே ஏற்றது என்று விற்பவர் சொன்னால், சுமப்பதற்கா சுடுவதற்கா என்று திருப்பிக் கேட்க வேண்டும். இரண்டுக்கும் விடை ஒன்றன்று.