ஆலையும் மதுக்கூடமும் ஒரே கூரையில்: போர்ட்லாந்து பீர் நகரமான வரலாறு

முன்னுரை

பீரால் பெயர்பெற்ற நகரங்கள் இரு வகை. பீரை ஊர் ஊராக அனுப்பிப் பெயர்பெற்றவை ஒரு வகை. பீருக்காக வெளியூராரை வரவழைப்பவை மறு வகை. அமெரிக்காவின் மில்வாக்கி முதல் வகையைச் சேர்ந்தது. பாப்ஸ்ட், ஷ்லிட்ஸ், மில்லர் ஆகிய பேராலைகள் அங்கிருந்து நாடெங்கும் சரக்கு அனுப்பின. அங்கே ஷ்லிட்ஸ் ஆலை 1981இலும் பாப்ஸ்ட் ஆலை 1996இலும் மூடப்பட்டன. ஏறத்தாழ அதே காலத்தில், ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து சிற்றாலைகளின் கிராஃப்ட் பீரைத் தேடி மக்கள் வரும் நகரமாக வளர்ந்தது. இதற்கு நல்ல தண்ணீரையும் பீருக்கு மணமூட்டும் ஹாப்ஸ் பூவையும் காரணமாகச் சொல்வது வழக்கம். அவை துணைக் காரணங்களே. யார், எங்கே பீர் விற்கலாம் என்பதை மாற்றியமைத்த 1985ஆம் ஆண்டுச் சட்டமே திருப்புமுனை என்பது இக்கட்டுரையின் வாதம்.

1. மண்ணும் நீரும்

மவுண்ட் ஹூட் மலையை ஒட்டிய புல் ரன் நீர்ப்பிடிப்புப் பகுதி 1892இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 1895 முதல் அதன் நீர் குழாய் வழியே போர்ட்லாந்துக்கு வருகிறது. கனிமங்கள் மிகக் குறைந்த மென்னீர் அது. மென்னீரில் தேவைக்கேற்ப உப்புகளைச் சேர்த்து எந்த வகைப் பீருக்கும் பக்குவப்படுத்தலாம். கடின நீரிலிருந்து உப்புகளை நீக்குவதுதான் பெரும்பாடு.

நகருக்குத் தெற்கே விரியும் வில்லமெட் பள்ளத்தாக்கு ஹாப்ஸ் விளையும் பூமி. கோர்வாலிஸில் மத்திய வேளாண் துறையும் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய ஆய்வில், 1956இல் செய்த கலப்பிலிருந்து உருவான காஸ்கேட் ரகம் 1972இல் வெளியிடப்பட்டது. பம்பளிமாஸ் தோலை நகத்தால் கீறினால் எழும் மணம் அதற்கு உண்டு. பின்னாளில் அமெரிக்கக் கிராஃப்ட் பீரின் அடையாளமாகவே அந்த மணம் நிலைத்தது.

ஆனால் இந்த வளம் மட்டுமே போர்ட்லாந்தைப் பீர் நகரமாக்கிவிடவில்லை. ஹென்றி வைன்ஹார்டின் ஆலை 1860களிலிருந்தே அங்கு இயங்கியது. நாடு தழுவிய மதுவிலக்கு 1920இல்தான் வந்தது. ஓரிகனோ 1914இல் வாக்கெடுப்பு நடத்தி 1916 முதலே மதுவை விலக்கியது. குளிர்பானம் விற்றுப் பிழைத்த வைன்ஹார்டு ஆலை, 1928இல் இன்னொரு நிறுவனத்தோடு இணைந்து பிளிட்ஸ்-வைன்ஹார்டு ஆனது. அதுவும் 1979இல் பாப்ஸ்ட் கைக்குப் போனது. நீரும் ஹாப்ஸும் குறையாமல் இருந்தும், நகரின் பீர்த் தொழில் வெளியூர் முதலாளியிடம் போய்ச் சேர்ந்தது.

2. மூன்றடுக்குச் சுவர்

மதுவிலக்குக்கு முன் பல மதுக்கூடங்கள் ஆலைகளின் பிடியில் இருந்தன. அது குடியை வளர்த்தது என்ற கசப்பால், 1933இல் விலக்கு நீங்கியபோது ஆலை, மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என்ற, ஓர் அடுக்கில் இருப்பவர் மற்ற அடுக்கில் இறங்கக் கூடாத மூன்றடுக்கு முறை புகுத்தப்பட்டது. பேராலைகளுக்கு இது சிரமமில்லை. சிறு முதலீட்டுக்காரருக்கோ இது எமன். புட்டியில் அடைக்க இயந்திரம் வேண்டும், இடையில் ஒரு வியாபாரி வேண்டும், அவருக்கு லாபமும் கொடுக்க வேண்டும்.

மத்திய அரசு இரு தளர்வுகள் தந்தது. 1976இல் சிறு ஆலைகளின் முதல் 60,000 பீப்பாய்களுக்கான கலால் வரி, பீப்பாய்க்கு 9 டாலரிலிருந்து 7 டாலரானது. 1978இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வீட்டில் பீர் காய்ச்சுவதை அனுமதித்தது. போர்ட்லாந்துவாசி ஃப்ரெட் எக்கார்ட் 1970இலேயே லாகர் பீர் காய்ச்சும் முறை பற்றி நூல் எழுதியிருந்ததால், அங்கே கைப்பழக்கம் உள்ளவர்களுக்குப் பஞ்சமில்லை.

ஒயின் தயாரிப்பாளர் சார்லஸ் கூரி 1980இல் தொடங்கிய கார்ட்ரைட் ஆலை இந்தப் பின்னணியில் பிறந்தது. அதன் பீர் புட்டிக்குப் புட்டி சுவை மாறியது. வாங்கியவர் எங்கோ ஒரு கடையில் முகம் சுளித்தார். அது ஆலைக்காரர் கண்ணில் படவில்லை. ஆலை நீடிக்கவில்லை.

3. 1985: சுவர் இடிந்தது

1984இல் டிக், நான்சி பொன்சி தம்பதியர் பிரிட்ஜ்போர்ட் ஆலையையும், கர்ட், ராப் விட்மர் சகோதரர்கள் தங்கள் ஆலையையும் தொடங்கினர். பொன்சி குடும்பம் ஏற்கெனவே ஒயின் தயாரித்து வந்தது. திராட்சைத் தோட்டத்திலேயே ஒயினை விற்கலாம் என்றால், ஆலையிலேயே பீரை ஏன் விற்கக் கூடாது? இவர்களும் மதுக்கூடம் நடத்திய மெக்மெனமின் சகோதரர்களும் சட்டமன்றத்தை அணுகினர். ஆளுநர் விக்டர் அட்டியே காலத்தில், 1985இல் ஆலையிலேயே பீர் விற்க அனுமதிக்கும் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு மெக்மெனமின் சகோதரர்களின் ஹில்ஸ்டேல் விடுதியில் காய்ச்சுவதும் ஊற்றுவதும் ஒரே கூரையின் கீழ் நடக்கத் தொடங்கின.

குடிப்பவரும் காய்ச்சுபவரும் நெருங்கியிருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு விட்மரின் ஹெஃபவைசன் என்ற கோதுமைப் பீர் சான்று. டப்ளின் பப் என்ற மதுக்கூடத்தின் உரிமையாளர் மூன்றாவதாக ஒரு பீர் கேட்டார். ஆலையில் நொதிக்கும் தொட்டிகள் இரண்டே இருந்தன. கோதுமைப் பீரை வடிகட்டாமல் அப்படியே பீப்பாயில் அடைத்து 1986இல் அனுப்பினர். கலங்கல் நிறத்தில் கண்ணாடிக் குவளையில் வந்த அந்தப் பீரே நகரின் முத்திரைச் சரக்கானது. புட்டி வணிகத்தில் இத்தகைய துணிச்சலுக்கு இடமே இருந்திருக்காது.

அடுத்தடுத்து பீரைச் சுற்றிப் புதிய முயற்சிகள் எழுந்தன. 1988இல் ஆற்றங்கரைப் பூங்காவில் ஓரிகன் பீர்த் திருவிழா தொடங்கியது. 1996இல் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் நொதித்தல் அறிவியலைப் பாடமாக்கியது. 1915இல் திறந்து பின்னர் மூடிக்கிடந்த கென்னடி தொடக்கப்பள்ளியை மெக்மெனமின் சகோதரர்கள் 1997இல் தங்கும் விடுதியாக்கினர். வகுப்பறைகளில் விருந்தினர் உறங்கினர், கலையரங்கில் சினிமா ஓடியது, உள்ளேயே பீரும் காய்ச்சப்பட்டது.

முடிவுரை

இத்தகைய சட்டத்தில் ஓரிகன் முன்னோடியல்ல; கலிஃபோர்னியா 1982இலேயே அனுமதித்துவிட்டது. எனவே சட்டம் மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. ஒயின்காரர்களின் முன்னுதாரணம், வீட்டில் காய்ச்சிப் பழகியவர்கள், அருகிலேயே ஹாப்ஸ் வயல், 1976 முதல் ஹார்ஸ் பிராஸ் போன்ற மதுக்கூடங்கள் பழக்கிவைத்த நாக்கு எல்லாம் காத்திருந்தன. சட்டம் அவற்றை ஒரே இடத்தில் சேர்த்தது.

வைன்ஹார்டு ஆலை 1999இலும் பிரிட்ஜ்போர்ட் 2019இலும் மூடப்பட்டன. ஆயினும் மில்வாக்கியில் ஷ்லிட்ஸ், பாப்ஸ்ட் ஆலைகள் போனபோது ஏற்பட்ட வெற்றிடம் இங்கே ஏற்படவில்லை. நகரின் பெயர் எந்த ஒரு நிறுவனத்தையும் நம்பியிருக்கவில்லை. ஒருவர் மூடினாலும் இன்னொருவர் சிறு முதலீட்டில் கடை திறக்க வழி இருந்தது. ஆகவே ஒரு நகரம் சிறந்த பீர்த் தலமாகுமா என்று கணிக்க விரும்புவோர், ஆலைகளை எண்ணுவதற்கு முன் உரிம விதிகளைப் படிப்பது நல்லது. காய்ச்சியவர் தன் வாசலிலேயே ஒரு குவளை விற்க முடியாத ஊரில் தண்ணீர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயன் சொற்பமே.