சிதம்பரம்னு ஒரு பிரெஞ்சுக்காரர்

எங்க பெரியநாயக்கன்பாளையம் பக்கம் மாரியம்மன் நோம்பின்னா வெளியூர் போனவங்க வீடு திரும்பிடுவாங்க. திரும்ப முடியாத தூரத்துக்குப் போனவங்க? அம்மனையே கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க!

கரீபியன் கடல்ல குவாதலூப்னு ஒரு பிரெஞ்சுத் தீவு. 1854 டிசம்பர்ல 'ஓரேலி' கப்பல், கரும்புத் தோட்ட வேலைக்கு முதல் இந்தியக் கூலிகளை அங்கே இறக்கியது. அதுக்கப்புறம் போனவங்கள்ல தமிழர்கள் ஏராளம். அவங்க பிள்ளைங்க அந்த மண்ணுலயே பிறந்தும் அந்நியர்தான், ஓட்டு கிடையாது. கூலியா வந்தவங்களோட மகன் ஹென்றி சிதம்பரம் 1904-ல சட்டப் போராட்டத்தைத் தொடங்கி, 1923-லதான் ஜெயிச்சார்.

பிரெஞ்சுக் குடியுரிமைக்குப் போராடியவர் குடும்பப் பேரை உதறலை பாருங்க. அடுத்தடுத்த தலைமுறைகள்ல தமிழ்ப் பேச்சு போயிடுச்சு. மாரியம்மனும் கிடாவெட்டும் இன்னும் இருக்கு. உரிமை கேட்க வேரை வெட்டிக்க வேண்டியதில்லைன்னு எனக்குத் தோணுது. நீங்க என்ன சொல்றீங்க?