வானொலி சொன்னால் நம்பிவிடுகிறோமா?

திரைப்படமும் வானொலியும் மக்களைக் கெடுக்கின்றன என்பார் சிலர். இல்லை, திருத்துகின்றன என்பார் வேறு சிலர். ஆனால் கேட்டதும் பார்த்ததும் மனிதன் மாறிவிடுகிறான் என்பதை மட்டும் இரு சாராரும் ஐயமின்றி ஏற்றுக்கொள்கின்றனர். இது உண்மைதானா? வெப்பத்தை அளக்க வெப்பமானி இருக்கிறது. மனமாற்றத்தை எதைக் கொண்டு அளப்பது? இக்கேள்வியோடு போராடிய ஆய்வாளர்கள் சிலரின் கதையை இங்கே காண்போம்.

செவ்வாய் மனிதர் வந்த இரவு

1938 அக்டோபர் 30. அமெரிக்காவின் சி.பி.எஸ். வானொலியில் ஒரு நாடகம் ஒலிபரப்பானது. எச். ஜி. வெல்ஸ் எழுதிய புதினத்தைத் தழுவி, ஆர்சன் வெல்ஸ் என்ற இளம் நடிகர் தம் குழுவினருடன் நடத்திய நாடகம் அது. செவ்வாய்க் கோளிலிருந்து வந்தவர்கள் நியூ ஜெர்சியில் இறங்கிவிட்டார்கள் என்ற கதையை, இசை நிகழ்ச்சியின் நடுவே குறுக்கிடும் அவசரச் செய்தி போல அமைத்திருந்தார்கள். நாடே பீதியில் நடுங்கியது என்று மறுநாள் நாளிதழ்கள் பெரிய எழுத்தில் எழுதின.

அப்போது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வானொலி ஆய்வுத் திட்டம் ஒன்று நடந்துவந்தது. அதைச் சேர்ந்த ஹாட்லி கான்ட்ரில் என்ற உளவியலாளர் இந்நிகழ்ச்சியை ஆராய்ந்து 1940இல் ஒரு நூல் வெளியிட்டார். நாடகத்தின் தொடக்கத்தைக் கேட்காமல் இடையில் வந்து சேர்ந்தவர்கள் அதைச் செய்தி என்று எளிதில் நம்பினார்கள். வேறு நிலையத்தைத் திருப்பிப் பார்த்தும், நாளிதழின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தும் சரிபார்த்தவர்கள் தப்பித்தார்கள். ஆக, ஒரே ஒலி எல்லாரிடமும் ஒரே விளைவை உண்டாக்கவில்லை. இது முக்கியமான கண்டுபிடிப்பு.

ஆனால் இந்த ஆய்வில் ஒரு குறையும் இருந்தது. கான்ட்ரில் குழுவினர் விரிவாகப் பேட்டி கண்ட 135 பேரில் பெரும்பாலோர், பயந்தவர்கள் என்று தெரிந்தே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். காய்ச்சல் கண்டவர்களை மட்டும் மருத்துவமனையில் பார்த்துவிட்டு ஊர் முழுவதும் காய்ச்சல் என்று சொல்ல முடியுமா? அன்றிரவு நேயர் கணக்கெடுக்கும் நிறுவனம் ஒன்று சுமார் 5,000 வீடுகளுக்குத் தொலைபேசியில் பேசியது. இந்த நாடகத்தைக் கேட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 100க்கு 2 பேர்தாம். பயந்தவர்கள் உண்டு, ஐயமில்லை. ஆனால் நாடு முழுவதும் பீதி என்பது பெரும்பாலும் நாளிதழ்கள் ஊதிப் பெருக்கியது என்பதே பிற்கால ஆய்வாளர் பலரின் முடிவு.

அறுநூறு பேர், ஏழு பேட்டிகள்

அதே வானொலி ஆய்வுத் திட்டத்தின் இயக்குநர் பால் லாசர்ஸ்ஃபெல்ட். வியன்னாவில் பிறந்து, கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1933இல் அமெரிக்கா வந்தவர். அவருடைய கணித மனம் ஒரு நுட்பமான வழியைக் கண்டது. ஒருவர் மாறினாரா என்று அறிய வேண்டுமானால் அவரை ஒரு முறை கேட்டால் போதாது. மாறுவதற்கு முன்னும் கேட்க வேண்டும், பின்னும் கேட்க வேண்டும்.

1940இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் வந்தது. ரூஸ்வெல்ட்டை எதிர்த்து வில்கி நின்றார். ஒகாயோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் 600 பேர் அடங்கிய மாதிரிக் குழு ஒன்றை லாசர்ஸ்ஃபெல்ட் குழுவினர் தேர்ந்தெடுத்தனர். மே முதல் நவம்பர் வரை மாதம் ஒரு முறை அதே ஆட்களைச் சந்தித்தனர். அடிக்கடி கேட்பதாலேயே ஒருவர் மனம் மாறிவிடக்கூடும் அல்லவா? அதைச் சோதிக்க, இடையில் ஒரு முறை மட்டும் பேட்டி காணப்பட்ட ஒப்பீட்டுக் குழுக்களையும் வைத்துக்கொண்டனர்.

வானொலிப் பேச்சும் நாளிதழ்த் தலையங்கமும் வாக்காளரை அலைக்கழிக்கும் என்றே பலரும் எதிர்பார்த்தனர். விடை வேறாக வந்தது. ஏறத்தாழப் பாதிப்பேர் மே மாதமே முடிவு செய்துவிட்டார்கள். பிரசாரத்துக்குப் பின் ஒரு கட்சியை விட்டு மறு கட்சிக்கு மாறியவர்கள் 100க்கு 8 பேர்தாம். பாதிக்கு மேற்பட்டோருக்கு ஏற்கெனவே இருந்த கருத்தே உறுதிப்பட்டது. மக்கள் தமக்குப் பிடித்த கட்சியின் பேச்சையே தேடிக் கேட்டார்கள்.

இன்னொன்றும் தெரியவந்தது. முடிவை மாற்றிக்கொண்டவர்களில் பலர் சுட்டிக்காட்டியது வானொலியை அன்று. உறவினரையும், நண்பரையும், உடன் வேலை செய்பவரையும்! செய்தி முதலில் ஊக்கமுள்ள சிலரை அடைகிறது. அவர்கள் வழியாகப் பிறரை அடைகிறது. இதற்கு ‘இருபடி ஓட்டம்’ என்று பெயரிட்டனர். அச்சிலரைக் கருத்து வழிகாட்டிகள் எனலாம். 1945இல் இல்லினாய் மாநிலத்தின் டிகேட்டர் நகரில் சுமார் 800 பெண்களிடம் நடத்திய ஆய்வில், இத்தகையோர் செல்வர்களிடையே மட்டுமன்றி எல்லாத் தரப்பிலும் இருப்பது தெரிந்தது.

புணே வட்டாரச் சிற்றூர்களில்

இந்தக் கருத்து இந்தியாவிலும் சோதிக்கப்பட்டது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 1956இல் யுனெஸ்கோவின் உதவியோடு அகில இந்திய வானொலியின் புணே நிலையம் ஒரு முயற்சியில் இறங்கியது. அன்றைய பம்பாய் மாநிலத்தில் மராத்தி பேசும் ஐந்து மாவட்டங்களில், சுமார் 150 சிற்றூர்களில் வானொலிக் கேட்போர் மன்றங்கள் அமைக்கப்பட்டன. வாரம் இரு முறை, பத்து வாரம், 20 நிகழ்ச்சிகள். மன்றத்தினர் கூடிக் கேட்பார்கள். பின்பு கலந்து பேசுவார்கள். தம் கேள்விகளை நிலையத்துக்கு எழுதி அனுப்புவார்கள். கனடாவில் 1941இல் தொடங்கிய உழவர் வானொலி மன்றங்களே இதற்கு முன்மாதிரி.

இதன் பயனை மதிப்பிட்டவர் பால் நியூராத். இவர் லாசர்ஸ்ஃபெல்ட்டிடம் பயின்றவர். ஆகவே ஒப்பீட்டின் அருமை அறிந்தவர். மன்றம் உள்ள ஊர்களை மட்டும் பார்க்காமல், வானொலி இருந்தும் மன்றம் இல்லாத ஊர்களையும், இரண்டும் இல்லாத ஊர்களையும் சேர்த்து ஆராய்ந்தார். மன்றங்களில் அறிவு வளர்ச்சி மிகத் தெளிவாகத் தெரிந்தது. வானொலிப் பெட்டி மட்டும் இருந்த ஊர்களில் முன்னேற்றம் மிகக் குறைவு. பெட்டி ஒன்றுதான், கூடிப் பேசியதுதான் வேறுபாட்டை உண்டாக்கியது. இதன் பின், 1959இல் இத்திட்டம் நாட்டின் பிற பகுதிகளுக்கும் விரிவாக்கப்பட்டது.

கேள்வியே மாறியது

அப்படியானால் செய்தி ஊடகங்களுக்கு வலிமையே இல்லையா? அவசரப்பட வேண்டாம். 1968இல் வட கரோலினாவின் சாப்பல் ஹில் நகரில், இன்னும் முடிவு செய்யாத 100 வாக்காளர்களை மக்கோம்ப்ஸ், ஷா என்ற இருவர் ஆராய்ந்தனர். “யாருக்கு வாக்களிப்பீர்?” என்ற பழைய கேள்வியை விட்டுவிட்டு, “நாட்டின் முக்கியப் பிரச்சினைகள் யாவை?” என்று கேட்டார்கள். ஊடகங்கள் எவற்றுக்கு அதிக இடம் கொடுத்தனவோ, வாக்காளர்களும் பெரும்பாலும் அவற்றையே முக்கியம் என்றார்கள். எந்த முடிவுக்கு வருவது என்பதைவிட, எதைப் பற்றிச் சிந்திப்பது என்பதிலேயே ஊடகத்தின் கை வலுவாக இருந்தது.

மக்கள் கவலைப்படுவதைத்தான் ஊடகம் எழுதுகிறதோ என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. 1980களில் அய்யங்கார், கிண்டர் என்ற ஆய்வாளர்கள் தொலைக்காட்சிச் செய்தியைத் திருத்தி அமைத்து, வெவ்வேறு குழுவினருக்கு வெவ்வேறு விதமாகக் காட்டினார்கள். எந்தச் சிக்கலை அடிக்கடி பார்த்தார்களோ, அதுவே பெரிது என்று பார்த்தவர்கள் கருதத் தொடங்கினார்கள். காரணம் எது, காரியம் எது என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

நீங்களும் கேட்கலாம்

இன்று வானொலி இருந்த இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. “இதைப் பார்த்துப் பிள்ளைகள் கெட்டுவிட்டார்கள்” என்ற பேச்சு மட்டும் மாறவில்லை. அடுத்த முறை அதைக் கேட்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். யாரைப் பார்த்து இதைச் சொல்கிறார்கள்: பாதிக்கப்பட்டவர்களை மட்டுமா, எல்லாரையுமா? பார்ப்பதற்கு முன் அவர்கள் எப்படி இருந்தார்கள்? பார்க்காத பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்? இம்மூன்றுக்கும் விடை இல்லாவிட்டால், அந்தக் கூற்று உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். ஆனால் அது இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை.