ஒரே பெயர், இரண்டு களஞ்சியங்கள்

பைத்தான் மொழிக்கு வேகம் கூட்டுவதற்காக சி மொழியில் எழுதி இணைக்கப்படும் நீட்சிகள் விண்டோஸ் கணினிகளில் திடீரென முறிந்து நின்ற வரலாறு, பல வேளைகளில் மூல நிரலில் அன்றி, அதை எந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பியின் பதிப்பில் தொடங்குகிறது. 2010இல் வெளிவந்த பைத்தான் 2.7, விஷுவல் ஸ்டுடியோ 2008 கொண்டு தொகுக்கப்பட்டு, எம்எஸ்விசிஆர்90 என்னும் இயக்கநேர நூலகத்தைச் சார்ந்திருந்தது. நீட்சியைப் புதிய தொகுப்பியால் உருவாக்கினாலோ, அது தனக்கென வேறொரு நூலகத்தை உடன் அழைத்துவந்தது. திருவண்ணாமலைப் பெரிய கோயிலிலும் கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலைக் கோயிலிலும் ஈசன் ஒருவரே ஆயினும் மடைப்பள்ளி வேறு என்பதுபோல, நினைவகம் கேட்கும் ‘மேலாக்’ இரு நூலகங்களிலும் ஒரே பெயருடையதாயினும் களஞ்சியம் வேறு. ஒன்றில் பெற்ற இடத்தை மற்றொன்றின் ‘ஃப்ரீ’ வழியே திருப்பியபோது, தன் கணக்கில் இல்லாத முகவரியைக் கண்டு நிரல் முறிந்தது. திறந்த கோப்பின் சுட்டியைக் கைமாற்றினாலும் இதே கதிதான்.

மைக்ரோசாஃப்ட் 2014இல், சற்றுத் தாமதமாகவே, பைத்தான் 2.7க்கெனத் தனித் தொகுப்பி ஒன்றை வெளியிட்டது. 2015இல் பைத்தான் 3.5, தொகுப்பியின் பதிப்புதோறும் மாறாத பொது இயக்கநேர நூலகத்துக்கு மாறியது. தமிழ்ச் சொற்களால் நிரல் எழுத உதவும் எழில் மொழி, பைத்தானிலேயே எழுதப்பட்டதால், இந்தச் சிக்கலுக்கு வெளியே நின்றது.