தாமிரபரணி நில உருவியல் வெளியீடுகள்

பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் தாமிரபரணியின் வண்டலையும், அதன் தெற்கே பரந்த தேரி எனும் செம்மணலையும் பற்றிய அறிவியல் எழுத்துகள். புவிப்பரப்புச் செயல்முறைகளுக்கான ஓர் இதழ் 1976-இல் தோன்றியது. நெல்லைச் சீமை பற்றிய பதிவுகள் அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு மூத்தவை.

பாண்டியர் துறைமுகமான கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. ஆற்று வண்டல் கரையைக் கிழக்கே தள்ளியதால் துறைமுகம் முதலில் காயலுக்குப் பெயர்ந்தது, பின்னர் காயலும் கடலை இழந்தது என்று சமயப்பணியாளரான கால்டுவெல் விளக்கினார். கொற்கை, காயல் அகழ்வுகள் குறித்த அவருடைய கட்டுரை 1877-இல் 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் வந்தது. 1881-இல் அவருடைய திருநெல்வேலி வரலாற்று நூல் வெளியானது. சமயப்பணியாளர் ஒருவர் ஊர்ப்பெயரையும் மண்ணடுக்கையும் சேர்த்துப் படித்தது பெரிய செயல்.

மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியல் பற்றிய நிலவியலாளர் புரூஸ் ஃபுட்டின் ஆய்வேட்டை இந்திய நிலவியல் ஆய்வுத்துறை 1883-இல் வெளியிட்டது. 1956-இல் ஆய்வாளர்களான சாய்னரும் ஆல்சினும் 'ஏன்சியன்ட் இந்தியா' இதழில் தேரிகளின் நுண்கற்கருவிகளைப் பழைய கடல்மட்டத்தோடு பொருத்தினர். இரும்பு ஆக்சைடு பூசிய அச்செம்மணலின் வயது பற்றிய ஆய்வு தொடர்கிறது.