சான்றிதழில் சிலவற்றை மறைத்தும் நிரூபிக்கலாம்

வேலைக்கு விண்ணப்பிப்பவர் உண்மையிலேயே படித்துத் தேறியவரா என்பதுதான் நிறுவனத்துக்குத் தெரியவேண்டியது. ஆனால் சான்றிதழ் நகலை அனுப்பினால் அடையாள எண்ணும் பாடவாரியான மதிப்பெண்ணும் கூடவே போய்விடுகின்றன. தாளில் ஒரு வரியை மை பூசி மறைத்தாலோ, திருத்திய சான்றிதழோ என்ற சந்தேகம் வரும்.

சிங்கப்பூரின் ‘ஓப்பன்சர்ட்ஸ்’ மின்னிலக்கச் சான்றிதழில் இதற்கு வழி உண்டு. கல்வி அமைச்சு, ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூர், அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பான கவ்டெக், நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரி ஆகியவை சேர்ந்து உருவாக்கிய இத்திட்டம் 2019ல் அறிமுகமானது.

சான்றிதழிலுள்ள பெயர், பாடம், மதிப்பெண் என ஒவ்வொரு விவரத்துக்கும் கணினி ஒரு குறியீட்டைக் கணக்கிடுகிறது. கைரேகை போன்றது அது. விவரத்தில் ஓர் எழுத்து மாறினாலும் குறியீடு அடியோடு மாறிவிடும். இவற்றையெல்லாம் சேர்த்துப் பெறும் ஒரே குறியீட்டைக் கல்வி நிலையம் ‘இத்திரியம்’ புளோக்செயினில் பதிகிறது. பெயரோ மதிப்பெண்ணோ அங்கே போவதில்லை.

ஒரு மதிப்பெண்ணை மறைக்க வேண்டுமா? கோப்பிலிருந்து அதை நீக்கி, அதன் குறியீட்டை மட்டும் விட்டுவைத்தால் போதும். மற்ற விவரங்களின் குறியீடுகளோடு அதையும் சேர்த்துக் கணக்கிட்டால், பதிவிலுள்ள குறியீடே விடையாக வரும்.

ஏ, பி, சி என்று சில தரநிலைகள்தானே, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிட முடியாதா? அதைத் தடுக்கவே ஒவ்வொரு விவரத்துடனும், யாராலும் ஊகிக்க முடியாத நீண்ட எழுத்துத்தொடர் ஒன்று சேர்க்கப்படுகிறது. கணினித் துறையினர் இதை ‘உப்பு’ என்பார்கள். விவரத்தை நீக்கும்போது உப்பும் கூடவே நீங்கிவிடும்.

ஆனால் ஏதோ மறைக்கப்பட்டிருக்கிறது என்பது கோப்பை ஆராய்பவருக்குத் தெரியும். முழு மதிப்பெண் பட்டியலும் வேண்டும் என்று நிறுவனம் கேட்டால், கொடுப்பதா வேண்டாமா என்பதை விண்ணப்பிப்பவர்தான் முடிவுசெய்ய வேண்டும். அதில் கணிதம் உதவாது. சராசரிப் புள்ளி எவ்வளவு என்று சொல்லாமல், ‘3க்கு மேல்’ என்று மட்டும் நிரூபிப்பதும் இம்முறையில் இயலாது. அதற்கு வேறொரு கணித வழி தேவை. ஷாஃபி கோல்ட்வாசர், சில்வியோ மிக்காலி, சார்ல்ஸ் ரேக்காஃப் ஆகியோர் 1985ல் அதை முன்வைத்தனர்.

எவற்றை மறைக்கலாம் என்பது கல்வி நிலையம் தயாரித்த சான்றிதழ் வடிவத்தைப் பொறுத்தது. மறைத்த கோப்பிலிருந்து பழைய விவரத்தை மீட்க முடியாது. எனவே மூலக் கோப்பைத் தனியே பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.